தெலோனியஸ் மங்க்: மெட்டைக் கைவிடாத கற்பனை

ஜாஸ் உலகில் பிறரால் மிக அதிகமாக வாசித்துப் பதிவு செய்யப்பட்ட இசையமைப்பாளர்களில் டியூக் எலிங்டன் முதலிடத்திலும் தெலோனியஸ் மங்க் அவருக்கு அடுத்தும் வருவார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. எலிங்டனின் படைப்புகள் ஆயிரத்தைத் தாண்டும். மங்க் எழுதியவை ஏறத்தாழ 70. இவ்வளவு சிறிய தொகுப்பு இவ்வளவு பேரை ஏன் மீண்டும் மீண்டும் தன்னிடம் இழுக்கிறது என்பது ஒரு கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இன்று எந்த நகரத்து ஜாஸ் மேடையிலும் பில் எவான்ஸ், மெக்காய் டைனர், ஹெர்பி ஹான்காக் ஆகியோரின் கைப்பழக்கம் இளம் பியானோக் கலைஞர்களிடம் கேட்கும். மங்கின் கைப்பழக்கம் கேட்பது அரிது. எல்லாரும் வாசிக்கும் மெட்டுகளைத் தந்தவரைப் போல அநேகமாக ஒருவரும் வாசிப்பதில்லை. அப்படியானால் அவருடைய செல்வாக்கு எதில் இருக்கிறது? அது விரல்களின் பாணியில் இல்லை, சிந்தனை முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எழுதி வைத்த மெட்டும் மேடையில் பிறக்கும் மனோதர்மமும் ஒரே வேலையின் இரு முகங்கள் என்று மங்க் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பாடத்தைத்தான்.

மங்க் 1917 அக்டோபர் 10 அன்று வட கரோலினாவின் ராக்கி மவுண்ட்டில் பிறந்தார். 1922இல் குடும்பம் நியூயார்க்கின் சான் ஹுவான் ஹில் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. இடக்கை அடித்தளச் சுரத்துக்கும் நடுப்பகுதிக் கூட்டொலிக்கும் மாறி மாறித் தாவும் ‘ஸ்ட்ரைட்’ பியானோவின் தலைமகனான ஜேம்ஸ் பி. ஜான்சனும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தவர். மங்க் சிறுவயதில் ஆசிரியரிடம் மேற்கத்தியச் செவ்வியல் பாடம் கற்றார், தேவாலயப் பாடல்களுக்கு வாசித்தார், பதின்ம வயதில் ஊர் ஊராகச் சென்ற ஒரு நற்செய்திப் பிரசாரகரின் குழுவோடு பயணம் செய்தார். ஸ்ட்ரைட், செவ்வியல், தேவாலயம் என்ற இந்த மூன்று ஊற்றுகளையும் நினைவில் வைக்க வேண்டும். ஏனென்றால் மங்கை மரபை உடைத்த புரட்சிக்காரராக மட்டும் காட்டும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அவருடைய தனி பியானோப் பதிவுகளைக் கேட்டால் இடக்கை பெரும்பாலும் ஜான்சனின் பழைய நடையிலேயே போவது தெளிவாகத் தெரியும். மற்றவர்கள் காலாவதியானது என்று ஒதுக்கிய நடையை வைத்துக்கொண்டே, மற்றவர்கள் போகத் தயங்கிய ஒலிகளுக்கு அவர் போனார்.

1940களின் தொடக்கத்தில் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற விடுதியில் மங்க் நிரந்தரப் பியானோக் கலைஞரானார். டிரம்ஸ் வாசித்தவர் கென்னி கிளார்க். டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர், கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் என்று பலர் நள்ளிரவு தாண்டி அங்கே கூடினார்கள். பிறகு பீபாப் என்று பெயர் பெற்ற இசையின் தொட்டில்களில் ஒன்று அந்த விடுதி. ஆனால் பீபாப்பின் முகமாக உலகம் கண்டது பார்க்கரையும் கில்லெஸ்பியையும்தான். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. பீபாப்பின் கவர்ச்சி வேகத்தில் இருந்தது. பழகிய பாட்டின் சுரக்கூட்டுகளை, அதாவது நம் மெல்லிசைக் கலைஞர்கள் கார்டு என்று சொல்வதை, அடித்தளமாக வைத்துக்கொண்டு அதன்மேல் மின்னல் வேகத்தில் புதுச் சுரக்கோவைகளை ஓடவிடுவது அதன் வழி. மங்க் அந்தச் சுரக்கூட்டு அறிவுக்குப் பெரும்பங்கு அளித்தவர், வேகத்தைப் பின்பற்றாதவர். ‘ரவுண்ட் மிட்நைட்’ மெட்டை 1944இல் கூட்டி வில்லியம்ஸின் இசைக்குழு முதலில் பதிவு செய்தது. அக்குழுவில் பியானோ வாசித்தவர் மங்கின் கைப்பிடித்து வளர்ந்த பட் பவல். மங்க் தம் பெயரில் பதிவு செய்ய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ப்ளூ நோட் நிறுவனம் அவரைப் ‘பீபாப்பின் தலைமைப் பூசாரி’ என்று விளம்பரப்படுத்தியது. அந்த இசைத்தட்டுகள் சரியாக விற்கவில்லை.

விற்காத அந்த இசைத்தட்டுகளிலேயே முழு வாதமும் அடங்கியிருக்கிறது. ‘தெலோனியஸ்’ என்ற மெட்டில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதன் கீழே சுரக்கூட்டுகள் இறங்கிக்கொண்டே போவதால் அசையாத சுரம் ஒவ்வொரு முறையும் வேறு நிறம் கொள்கிறது. 1948இல் பதிவான ‘மிஸ்டீரியோஸோ’ பன்னிரண்டு அளவு ப்ளூஸ்தான். ஆனால் மெட்டு முழுவதும் ஒரே இடைவெளியில் ஏறி இறங்கும் சுர இணைகளாகப் படிக்கட்டுபோல நடக்கிறது. அதே ஆண்டின் ‘எவிடென்ஸ்’ இன்னும் துணிச்சலானது. ‘ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ’ என்ற பழைய பாட்டின் சுரக்கூட்டுகளே அதற்கு அடித்தளம். ‘நீ மட்டும், நான் மட்டும்’ என்பது ‘நாம் மட்டும்’ ஆகி, அது ஆங்கில ஒலிப்பில் ‘நீதி’ ஆகி, நீதியிலிருந்து ‘சாட்சியம்’ பிறந்த சொல்விளையாட்டு அந்தத் தலைப்பு. மெட்டையும் அவர் அப்படியே சுண்டவைத்தார்: எதிர்பாராத இடங்களில் விழும் சில தனிச்சுரங்கள் மட்டுமே மிஞ்சின, நடுவே வெறும் தாளம். 1951இன் ‘ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்’ ஒரு சிறு சுரக்கோவையை எடுத்து அதன் எடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறது. அதே சொல் தாளத்தின் வெவ்வேறு இடங்களில் விழும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. 1956இல் பதிவான ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ வழக்கமான 32 அளவு வடிவத்தை விட்டு 8, 7, 7 என்று 22 அளவுகளில் நடக்கிறது, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இருமடங்கு வேகம் எடுக்கிறது. சன்னி ராலின்ஸ், மேக்ஸ் ரோச் போன்ற மேதைகள் இருந்தும் 25 முயற்சிகளில் ஒன்றுகூட முழுதாக அமையவில்லை. தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ் துண்டுகளை ஒட்டித்தான் இசைத்தட்டுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு மெட்டும் ஒரு தனிப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை யோசிக்கிறது என்பதுதான் இவற்றுக்கிடையிலான ஒற்றுமை.

இப்படி எழுதப்பட்ட மெட்டின்மேல் மனோதர்மம் செய்யும்போது, சுரக்கூட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. ஓடினால் ‘எவிடென்ஸ்’ மறைந்து அதன் மூலப் பாட்டே மிஞ்சும். ‘மிஸ்டீரியோஸோ’ இன்னொரு ப்ளூஸ் ஆகிவிடும். எனவே மங்க் மெட்டிலிருந்தே யோசித்தார். சாகித்ய வரியைக் கைவிடாமல் அதற்குள்ளேயே கற்பனையை விரிக்கும் நிரவலை அறிந்தவர்களுக்கு இந்த ஒழுக்கம் அந்நியமாகப் படாது. மெட்டின் ஒரு துணுக்கை எடுப்பார், அதைத் தள்ளிப் போடுவார், ஒரு சுரத்தைப் பிடுங்குவார், மிச்சத்தை நிறுத்தி நிதானமாக வைப்பார். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அழுத்தி ஒன்றை உடனே விட்டுவிடுவதும், முழுச் சுரக்கூட்டில் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் ஒலிக்கவிடுவதும் அவருடைய தனி வழக்கங்கள். மைல்ஸ் டேவிஸோடு 1954 டிசம்பர் 24 அன்று பதிவான ‘பேக்ஸ் க்ரூவ்’ இதற்குச் சிறந்த சான்று. அதில் மங்கின் தனிவாசிப்பு மிகச் சிறிய ஒரு கருவிலிருந்து கிளம்பி, இடைவெளிகளை மெட்டுக்குச் சமமாக நடத்திக்கொண்டு வளர்கிறது. தாம் வாசிக்கும்போது பின்னால் பியானோ வேண்டாம் என்று அன்று டேவிஸ் மங்கைக் கேட்டுக்கொண்டார். அது இரு பெரிய கலைஞர்களுக்கிடையே இருந்த மனத்தாங்கலாகப் பேசப்பட்டது. உண்மையில் அது மங்கின் துணைவாசிப்பு எவ்வளவு கனமானது என்பதைக் காட்டுகிறது: அவர் பின்னணி கொடுப்பதில்லை, எதிரே நின்று உரையாடுவார்.

அவர்மீது வைக்கப்பட்ட முதல் குற்றச்சாட்டு, கைத்திறன் போதாது என்பது. 1940களின் இறுதியில் லெனர்ட் ஃபெதர் போன்ற செல்வாக்குள்ள விமர்சகர்களே அப்படி எழுதினார்கள். ஆர்ட் டேட்டமின் வெள்ளப் பெருக்கையும் பட் பவலின் வாள்வீச்சையும் கேட்ட காதுகளுக்கு, விரல்களைத் தட்டையாக நீட்டி, தயங்கித் தயங்கி வாசிப்பவர்போலத் தெரிந்த மங்க் குறையுள்ளவராகப் பட்டதில் வியப்பில்லை. ஆனால் சான்றுகள் வேறு சொல்கின்றன. 1930களில் கான்சஸ் சிட்டியில் இளம் மங்கைக் கேட்ட மேரி லூ வில்லியம்ஸ், தாமே முதல்தரப் பியானோக் கலைஞர், அப்போது மங்கிடம் சரளமான கைத்திறன் இருந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். ‘டிரிங்கிள் டிங்கிள்’, ‘ஃபோர் இன் ஒன்’ போன்ற அவருடைய மெட்டுகளின் நெருக்கமான சுர ஓட்டங்கள் தடுமாறும் விரல்களுக்கு வராதவை. இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. மங்கின் தயக்கங்கள் தாளத்தில் விழும் இடங்கள் தற்செயலானவை அல்ல. ஒரே மெட்டின் பல பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், தாமதமும் அவசரமும் நுட்பமாக அளந்து வைக்கப்பட்டவை என்பது புரியும். கைத்திறன் என்பது வேகம் மட்டுமே என்றால் மங்க் இரண்டாம் வரிசை. நினைத்த ஒலியை நினைத்த கணத்தில் நினைத்த அழுத்தத்தில் வரவைப்பது கைத்திறன் என்றால் அவரை மிஞ்சியவர் குறைவு. அவர் நீக்கியவை வாசிக்கத் தெரியாதவை அல்ல, வேண்டாதவை.

அவருடைய தொழில் வாழ்க்கையின் நடுப்பகுதி ஒரு அநீதியால் முடங்கியது. 1951இல் பட் பவலும் அவரும் இருந்த காரில் காவலர்கள் ஹெராயின் கண்டெடுத்தார்கள். நண்பனுக்கு எதிராகப் பேச மறுத்த மங்க் 60 நாள் சிறையில் இருந்தார். அதைவிடக் கொடியது, மதுபானம் விற்கும் இடங்களில் வாசிக்க நியூயார்க் காவல்துறை வழங்கிய அனுமதி அட்டை பறிபோனது. ஜாஸ் கலைஞர்களின் அன்றாடப் பிழைப்பு நடந்ததே அந்த விடுதிகளில்தான். ஆறு ஆண்டுகள் தம் சொந்த நகரத்து விடுதிகளில் அவர் சட்டப்படி வாசிக்க முடியவில்லை. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். 1955இல் ரிவர்சைட் நிறுவனம் முந்தைய நிறுவனத்துக்கு அவர் தரவேண்டியிருந்த 108 டாலர் 27 சென்ட்டைக் கட்டி அவரை விடுவித்துக்கொண்டது. அன்று அவருக்கு இருந்த சந்தை மதிப்பு அவ்வளவுதான். 1957இல் அட்டை திரும்பக் கிடைத்தது. அந்தக் கோடையில் ஃபைவ் ஸ்பாட் கஃபேயில் ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடங்கிய கச்சேரிகள் ஆண்டிறுதிவரை நீண்டன. கோல்ட்ரேன் அப்போது போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தவர். மங்கின் மெட்டுகள் அவரை வழக்கமான சுரக்கோவைகளில் ஒளிந்துகொள்ள விடவில்லை. ஒவ்வொரு மெட்டின் கட்டமைப்பையும் உள்ளிருந்து புரிந்துகொள்ளக் கட்டாயப்படுத்தின. மங்க் பியானோவை விட்டெழுந்து ஆடத் தொடங்கும்போது, சுரக்கூட்டின் துணையின்றி வெறும் தாளத்தின்மேல் கோல்ட்ரேன் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தது. மங்க் மிக உயர்ந்த தரத்து இசைக் கட்டடக் கலைஞர் என்று கோல்ட்ரேன் பிறகு எழுதியது நன்றிக்காகச் சொன்ன சொல் அல்ல, தாம் கற்ற பாடத்தின் சுருக்கம்.

இரண்டாவது குற்றச்சாட்டு பாராட்டின் வேடத்தில் வருகிறது. விதவிதமான தொப்பிகள், மேடையில் சுழன்றாடல், பேட்டிகளில் மௌனம் என்று அவரை விசித்திர மேதையாகக் காட்டி, அவர் இசையும் அந்த விசித்திரத்தின் விளைவே என்று சொல்பவர்கள் உண்டு. இது அவர் உழைப்பைப் பறிக்கும் வாதம். குடும்பத்தாரின் ஒத்துழைப்போடு ராபின் டி. ஜி. கெல்லி எழுதி 2009இல் வெளிவந்த விரிவான வாழ்க்கை வரலாறு இந்தப் படத்தைத் திருத்தியது. மங்குக்குக் கடுமையான மனநோய் இருந்தது; அது பல ஆண்டுகள் சரியாகக் கண்டறியப்படவில்லை; மருத்துவம் என்ற பெயரில் தரப்பட்ட சில மருந்துகளே கேடு செய்தன. நோய் அவர் வேலையைத் தடுத்தது, அவருக்காக அந்த வேலையைச் செய்யவில்லை. 1959 டவுன் ஹால் கச்சேரிக்காக ஹால் ஓவர்ட்டனோடு அமர்ந்து பத்துப் பேர் குழுவுக்குத் தம் மெட்டுகளைச் சுரம் சுரமாக விரித்த மனிதர், ஒரு மெட்டைச் சரியாகும்வரை மணிக்கணக்கில் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்த மனிதர், தற்செயலை நம்பியவர் அல்லர். ஆடலும்கூட தாளத்தை உடம்பால் சோதிக்கும் வழி. குழு சரியாக ஆடும் நடையில் போகிறதா என்று அவர் கால்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

மூன்றாவது குற்றச்சாட்டு கவனமாகப் பதிலளிக்க வேண்டியது. 1962இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தபின், 1964 பிப்ரவரி 28 டைம் இதழின் அட்டையில் வந்து புகழின் உச்சியில் நின்றபோது, மங்க் புதிதாக எழுதுவதை அநேகமாக நிறுத்திவிட்டார். டெனர் சாக்ஸபோன் கலைஞர் சார்லி ரவுஸோடு அதே மெட்டுகளையே சுற்றிச் சுற்றி வாசித்தார் என்பது அந்தக் குற்றச்சாட்டு. எழுத்து குறைந்தது உண்மை. ஆனால் முழுதாக நிற்கவில்லை. 1968இன் ‘அண்டர்கிரவுண்ட்’ இசைத்தட்டில் ‘அக்லி பியூட்டி’, ‘கிரீன் சிம்னீஸ்’ போன்ற புதிய மெட்டுகள் இருந்தன, முன்னதுதான் அவர் எழுதிய ஒரே மூன்றடித் தாள மெட்டு. புதுமை என்றாலே புதிய பொருள் என்று எண்ணினால் அந்தப் பத்தாண்டு தேக்கமாகத் தோன்றும். ஒரே மெட்டை நூறு முறை திறந்து பார்ப்பதும் ஒரு தேடல் என்று ஒப்புக்கொண்டால் அதே பத்தாண்டு வேறாகத் தெரியும். ரவுஸின் பதினோரு ஆண்டு உழைப்பு, மங்கின் மெட்டை எப்படி உள்ளிருந்து வாசிப்பது என்பதற்கு விரிவான பாடநூலாகிவிட்டது. இருந்தும் சில பதிவுகளில் களைப்பு தெரிகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 1970களின் நடுவில் அவர் மேடையை விட்டே விலகி, நியூ ஜெர்சியின் வீஹாக்கனில் தோழி பன்னோனிகா வீட்டில் பியானோவைத் தொடாமல் வாழ்ந்து, 1982 பிப்ரவரி 17 அன்று காலமானார்.

கடைசி மறுப்பு, தொடக்கத்தில் சொன்ன முரண்: பியானோக் கலைஞர்கள்மேல் எவான்ஸின் செல்வாக்கு இன்னும் நேரடியானது அல்லவா? ஆம். எவான்ஸின் சுரக்கூட்டு அடுக்குகளை எடுத்துப் பிற பாட்டுகளுக்குப் பூசலாம். அது பொதுமொழி ஆகக்கூடியது. மங்கின் பாணியை எடுத்துப் பூசினால் நையாண்டிபோல ஆகிவிடும். ஆகவே அவரிடம் கற்றவர்கள் வேறொன்றைக் கற்றார்கள். சோப்ரானோ சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி 1958இல் மங்கின் மெட்டுகளை மட்டுமே கொண்ட ‘ரிஃப்லெக்ஷன்ஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். பிறகு ராஸ்வெல் ரட்டோடு அவற்றை மட்டுமே வாசிக்கும் குழுவை நடத்தி, அங்கிருந்து தம் சொந்த மொழிக்குப் போனார். செசில் டெய்லரின் 1956 முதல் இசைத்தட்டில் மங்கின் ‘பெம்ஷா ஸ்விங்’ இருக்கிறது. கட்டற்ற ஜாஸின் வாசல்களில் ஒன்று அங்கே திறந்தது. ராண்டி வெஸ்டன் மங்கின் வழியே ஆப்பிரிக்கத் தாளங்களுக்குச் சென்றார். ஜேசன் மோரன் 2007இல் டவுன் ஹால் கச்சேரியையே மூலப்பொருளாக எடுத்துப் புதிய மேடைப் படைப்பு செய்தார். 1971இல் ஆல்பனியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர் பியானோவைப் பெரும்பாலும் தாமே கற்றவர். இசையறிவு உடம்பில் எப்படித் தங்குகிறது என்பதை ஆராய்ந்து 1998இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர். மங்கைத் தம் வழிகாட்டிகளில் முதன்மையானவராகச் சொல்லும் அவர், 2010இன் தனி பியானோ இசைத்தட்டில் ‘எபிஸ்ட்ரோஃபி’யை வாசித்தார். இவர்களில் எவரும் இன்னொருவரைப்போல ஒலிப்பதில்லை. ஒருவரை நகலெடுத்தவர்களின் எண்ணிக்கையால் செல்வாக்கை அளந்தால் மங்க் சிறியவர். ஒருவரால் தம் குரலைக் கண்டவர்களின் எண்ணிக்கையால் அளந்தால் அவர் மிகப் பெரியவர்.

இன்று அவர் நிறுவனமாகவும் ஆகிவிட்டார். 1986இல் அவர் பெயரில் தொடங்கிய ஜாஸ் கல்வி நிறுவனம் நடத்திய போட்டிகள் பல இளைஞர்களை உலகுக்குக் காட்டின. 2019இல் அது ஹெர்பி ஹான்காக் பெயருக்கு மாறியது. 2006இல் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு அளித்தது. பாடத்திட்டத்துக்குள் வருவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘வெல் யூ நீடன்ட்’ மெட்டின் நடுப்பகுதியை மைல்ஸ் டேவிஸ் வேறாக வாசித்தார்; மாணவர்கள் கையில் புழங்கிய சுரப் புத்தகத்தில் அந்த வடிவமே இடம்பெற்று, மங்கின் மூலத்தைவிடப் பரவலானது. டேவிஸின் மாற்றம் அழகானதுதான். ஆனால் மங்க் எழுதிய நடுப்பகுதியில் சுரக்கூட்டுகள் அரை அரைச் சுரமாக ஏறி இறங்கும் அந்த முரட்டு நடை, மெட்டின் மற்றப் பகுதியின் குணத்தோடு பிறந்தது. அதைச் சமன்செய்தால் பாட்டு மிஞ்சும், பாட்டின் வாதம் போய்விடும். இதனால்தான் மங்கைக் கற்க அவருடைய பதிவுகளுக்கே திரும்ப வேண்டும் என்று கவனமான ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள்.

1957 நவம்பர் 29 அன்று கார்னெகி ஹாலில் மங்கும் கோல்ட்ரேனும் வாசித்த கச்சேரியின் நாடா, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் ‘க்ரெபஸ்க்யூல் வித் நெல்லி’யும் இருக்கிறது. மனைவி மருத்துவமனையில் இருந்த நாட்களில் மங்க் எழுதி முடித்த மெட்டு அது. எங்கே வாசித்தாலும் அதில் அவர் தனிவாசிப்பு என்று ஒன்றை வைத்ததில்லை. எழுதிய சுரங்களே தொடக்கமும் முடிவும். மனோதர்மத்தையே உயிராகக் கொண்ட ஒரு கலையில், மனோதர்மமே இல்லாத இந்தச் சில நிமிடங்கள் எப்படி ஜாஸாக ஒலிக்கின்றன? ஒவ்வொரு முறையும் சுரங்களின் அழுத்தம் மாறுகிறது, தாமதம் மாறுகிறது, ஒரு கூட்டொலி ஒரு நொடி கூடுதலாகத் தங்குகிறது. எழுதியதை அப்போதுதான் தோன்றியதுபோல வாசிக்கிறார். மற்ற மெட்டுகளில் அப்போது தோன்றியதை எழுதி வைத்ததுபோல வாசித்தார். இரண்டுக்கும் நடுவே அவர் கோடு போடவில்லை. கைகளை நகலெடுத்துக் கற்க முடியாத பாடம் இது. ஒவ்வொருவரும் ஒரு மெட்டோடு நெடுநாள் உட்கார்ந்துதான் இதைக் கண்டடைய வேண்டும். மங்கின் 70 மெட்டுகள் இன்றும் ஓயாமல் வாசிக்கப்படுவது இதற்காகத்தான்.